சுருங்கையும் சுவடியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடித் தமிழாய்ந்து வரும் இவ்வட்டத்தின் விழாவில் இத்தாலி நாட்டுக் கோட்டை ஒன்றைப் பற்றிப் பேச விழைகிறேன் என்று எழுதி அனுப்பியிருந்தேன். ‘அம்மா, தலைப்பில் பிழை ஏதும் இல்லையே?’ என்று செயலாளர் மிகுந்த நயத்தோடு கேட்டார். பிழை இல்லை. நான் கற்பிப்பது தமிழ். முனைவர் பட்டத்திற்கு ஆராய்ந்தது பாடவேறுபாடு. ஏட்டில் செல்லரித்த இடத்தை எவ்வாறு படிப்பது, படிக்கவியலாத இடத்தில் எவ்வாறு வாய்மூடியிருப்பது என்பவையே நான் கற்ற தொழில். அத்தொழிலின் சிக்கல்களெல்லாம் ஒரு கோட்டையின் அடியிலும் கிடக்கக் கண்டதனால் இத்தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

2025ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் மிலான் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகிய பொலிடெக்னிகோ ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அந்நகரின் நடுவே நிற்கும் ஸ்ஃபோர்ஸா கோட்டையின் தரைக்கு அடியில், இதுகாறும் அறியப்படாத நடைவழிகள் இருப்பதற்கான சான்றுகள் கருவிகள் வாயிலாகக் கிடைத்துள்ளன என்பது அதன் சாரம். பிரான்செஸ்கா பியோலோ என்னும் அம்மையாரின் முனைவர் பட்ட ஆய்வாக, பேராசிரியர் பிராங்கோ குட்செத்தி போன்றோரின் துணையுடன் நடைபெற்ற பணி அது. உலகச் செய்தித்தாள்கள் அதைத் தலைப்பாக்கின. எவ்வாறு ஆக்கின? ‘லியோனார்டோ டா வின்சியின் இரகசியச் சுரங்கம் கண்டுபிடிப்பு’ என்று. பல்கலைக்கழகம் சொன்னதற்கும் செய்தித்தாள் சொன்னதற்கும் இடையில் ஒரு தொலைவு இருக்கிறது. அந்தத் தொலைவே என் உரையின் பொருள்.

முதலில் ஒரு சொல். சுரங்கம் என்று இன்று நாம் வழங்குவதைப் பண்டைத் தமிழ் ‘சுருங்கை’ என்றது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரைக் கோட்டையைக் கடக்கும் கோவலன், யானைக் கூட்டம் சென்று வரும் சுருங்கை வீதியைக் கடந்தே உட்புகுகிறான். மணிமேகலையில் அதே சொல் நீர் செல்லும் கரந்த வழியைக் குறிக்கிறது. ஆக, படை செல்லும் வழியும் சுருங்கை. குளித்த நீர் வடியும் வழியும் சுருங்கை. வடமொழியில் இது ‘சுருங்கா’ எனப்படும். கௌடலியரின் பொருள்நூலிலும் உண்டு. இவ்விரண்டுக்கும் மூலம், குழல் என்றும் நிலத்தடி வழி என்றும் பொருள்படும் ‘சிரிங்ஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லே என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. ஒரு சொல்லுக்குள் இவ்வாறு படையும் சாக்கடையும் ஒருங்கே அடங்கியிருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் இது பயன்படும்.

இனிக் கோட்டைக்கு வருவோம். பதினான்காம் நூற்றாண்டின் பிற்பாதியில் விஸ்கோந்தி குடியினர் அங்கு முதற் கோட்டையை எழுப்பினர். 1447இல் அக்குடியின் கடைசித் தலைவர் மறைய, மிலான் மக்கள் குடியரசு ஒன்றை அறிவித்துக் கொடுங்கோன்மையின் அடையாளம் என்று கருதி அக்கோட்டையை இடித்தனர். குடியரசு மூன்றாண்டுகூட நிலைக்கவில்லை. 1450இல் படைத்தலைவர் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸா ஆட்சியைக் கைப்பற்றி, இடித்த இடத்திலேயே மீண்டும் கட்டத் தொடங்கினார். அவர் மகன் லுடோவிக்கோ, ‘இல் மோரோ’ என்னும் பட்டப்பெயர் கொண்டவர், அதனை ஐரோப்பாவின் சிறந்த அரண்மனைகளுள் ஒன்றாக்கினார். 1482 அளவில் மிலான் வந்த லியோனார்டோ அவர் காலத்தில்தான் அங்குப் பணிபுரிந்தார்.

பின்னர் நேர்ந்தவை பல. 1521இல் வாயிற்கோபுரத்தில் சேமித்திருந்த வெடிமருந்து வெடித்துக் கோபுரம் தரைமட்டமாயிற்று. ஸ்பானியர் தம் ஆட்சியில் கோட்டையைச் சூழ விண்மீன் வடிவில் புறமதில்கள் அமைத்தனர். நெப்போலியன் காலத்தில் அப்புறமதில்கள் இடிக்கப்பட்டன. கோட்டையையே இடித்துவிடலாமா என்னும் பேச்சு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தபோது, லூக்கா பெல்த்ராமி என்னும் கட்டடக்கலைஞர் அதனைக் காத்துப் புதுப்பித்தார். இன்று மிலானுக்குச் செல்வோர் அண்ணாந்து பார்த்து வியக்கும் அந்த வாயிற்கோபுரம், பழைய ஓவியங்களைத் துணைக்கொண்டு 1905இல் அவர் எழுப்பிய மறுபதிப்பு. நிலத்துக்கு மேலே நாம் காண்பதில் பெரும்பகுதி பதிப்பாசிரியரின் கைபட்ட பாடம். கைபடாத மூலம் எங்கேனும் இருக்குமாயின் அது நிலத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். கருவிகளைத் தரைநோக்கித் திருப்பியதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுவதில்லை.

கோட்டைக்கு ஏன் சுருங்கை? ‘அரசர் தப்பி ஓட’ என்று உடனே விடை சொல்வோம். பாண்டவர் அரக்கு மாளிகையிலிருந்து தப்பிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் ஊர்க் கோட்டை எதைப் பற்றிக் கேட்டாலும், அங்கிருந்து இன்ன கோயிலுக்குச் சுரங்கம் உண்டு, குதிரையேறியே போகலாம், ஆனால் வெள்ளைக்காரன் அடைத்துவிட்டான் என்று சொல்ல ஒரு முதியவர் இருப்பார். போர்நூல் அறிந்தோர் சொல்லும் காரணங்கள் இவ்வளவு சுவையானவை அல்ல. முற்றுகையிடுவோர் மதிலுக்கு அடியில் குடைந்து, குடைந்த இடத்தை மரத்தூண்களால் தாங்கி, பின் அத்தூண்களுக்குத் தீ வைப்பர். 1215இல் இங்கிலாந்தின் ரோச்செஸ்டர் கோட்டையை மன்னர் ஜான் இவ்வாறே வென்றார். தீ நன்கு பற்றுவதற்காக, உண்ணத் தகாத கொழுத்த பன்றிகள் நாற்பதை அனுப்புமாறு அவர் விடுத்த ஆணை இன்றும் உள்ளது. சரிந்த சதுர மூலையைப் பின்னாளில் வட்டமாகக் கட்டினர். அந்தப் பொருத்தமின்மை இன்றும் சாட்சி சொல்லி நிற்கிறது. அடுத்த ஆண்டு டோவர் கோட்டையின் வட வாயிலையும் இப்படிக் குடைந்து தாக்கினர். கோட்டை தப்பியது. அதன்பின், புறக்காவல் அரணுக்கு வீரர்கள் மறைவாகச் சென்று வர நிலத்தடி வழிகள் வெட்டினர். ஆக, கோட்டைச் சுருங்கை பெரும்பாலும் ஓடுவதற்கான வழியாக இருப்பதில்லை. காவலர் மதிலை விட்டகலாமல் இங்கிருந்து அங்குப் போவதற்கான வழி. அன்றேல் வெறும் வடிகால்.

மிலான் கோட்டைக்கு நகர்ப்புறம் அல்லாத பக்கத்தில் ‘கிர்லாந்தா’ என்றொரு புறமதில் இருந்தது. இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்கு மாலை என்று பொருள். கோட்டைக்கு மாலை சூட்டியதுபோல் வளைந்து சென்ற மதில் அது. அதனோடு ஒட்டி ஒரு மூடுவழியும் உண்டு. அதன் ஒரு பகுதி இன்றும் எஞ்சியிருக்கிறது. பார்வையாளர் உள்ளே சென்று காண இயலும். புதிய ஆய்வு கண்டது என்னவென்றால், இந்த அறிந்த வழிக்கு அருகிலும் பிற இடங்களிலும், தரைக்குச் சற்றே கீழே, வேறு வழிகளும் வெற்றிடங்களும் இருக்கக்கூடும் என்பது. தெரிந்தும் உள்ளே நுழையவியலாத அறைகளின் வடிவமும் துலங்கியது.

எவ்வாறு கண்டனர்? இருவகைக் கருவிகள். ஒன்று லேசர் அளவீடு. ஒரு முக்காலியின்மேல் சுழலும் கருவி, நொடிக்குப் பல இலட்சம் முறை ஒளிக்கதிரை வீசி, அது சுவரில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுகிறது. கிடைப்பது கோடிக்கணக்கான புள்ளிகளின் திரள். அத்திரளே கோட்டையின் அச்சு அசலான வடிவமாகிவிடுகிறது. ஆயினும் லேசர் கண்ணுக்கு எட்டியதை மட்டுமே அளக்கும். கல்லுக்கு அப்பால் அதற்குப் பார்வை இல்லை.

மற்றொன்று நிலம் ஊடுருவும் ரேடார். பார்வைக்குப் புல்வெட்டும் தள்ளுவண்டியைப் போன்றிருக்கும். அதன் அடியிலிருந்து ரேடியோ அலைத் துடிப்புகள் மண்ணுக்குள் செல்கின்றன. மண்ணின் தன்மை மாறும் எல்லையில், அதாவது மண்ணிலிருந்து கல்லுக்கோ, கல்லிலிருந்து காற்றுக்கோ கடக்கும் இடத்தில், அலையின் ஒரு பகுதி திரும்பி வருகிறது. திரும்ப எடுத்துக்கொண்ட காலத்தைக் கருவி குறிக்கிறது. உலர்ந்த மண்ணில் இவ்வலை ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் செல்லும் என்று கொள்ளலாம். நானோநொடி என்பது ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் அலை கடப்பது 10 சென்டிமீட்டர். போய்த் திரும்ப 20 நானோநொடி ஆயிற்றென்றால், எதிரொலித்த பொருள் ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கணக்கு இவ்வளவுதான், எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும்.

சிக்கல் வேறிடத்தில். மண் ஈரமாயிருந்தால் வேகம் குறையும். ஆழக் கணக்குப் பிசகும். களிமண்ணும் உப்பு மண்ணும் அலையை விழுங்கிவிடும். அலைவெண் மிகுந்தால் நுணுக்கமாகத் தெரியும், ஆனால் ஆழம் போகாது. குறைந்தால் ஆழம் போகும், ஆனால் மங்கலாகத் தெரியும். இவற்றோடு இன்னொன்று. வண்டி ஒரு குழாயை நெருங்கும் முன்னரே அலை சாய்வாகச் சென்று அதைத் தொட்டு மீள்கிறது. அப்போது தொலைவு மிகுதி. நேர் மேலே வரும்போது தொலைவு குறைகிறது. கடந்தபின் மீண்டும் மிகுகிறது. எனவே உருண்டைக் குழாய், திரையில் கவிழ்த்த வில்லைப் போல் தோன்றும். அந்த வில்லைப் பார்த்து ‘இது வளைந்த கூரையுள்ள சுருங்கை’ என்று ஒருவர் சொன்னால், அவர் கருவி வரைந்த கோட்டைப் பொருளின் வடிவம் என்று மயங்குகிறார். இணையிணையாகப் பலமுறை வண்டியை ஓட்டி, ஒவ்வொரு முறையும் அதே நேர்கோட்டில் வில் தோன்றினால், நீண்டு செல்லும் ஒன்று கீழே இருக்கிறது என்று துணியலாம். அது படை செல்லும் வழியா, நீர் செல்லும் வழியா? காற்று நிறைந்த வெற்றிடத்தையும் இடிபாடு நிறைந்த பழைய குழியையும் எதிரொலியின் வலிமை, அதன் அலைமுகம் புரளும் முறை ஆகியவற்றைக் கொண்டு ஓரளவு பிரித்தறியலாம். அதற்குமேல் கருவி பேசாது. சுருங்கை என்னும் சொல்லைப் போலவே ரேடாரும் படையையும் சாக்கடையையும் ஒரே சொல்லில்தான் சொல்கிறது.

இந்த இடத்தில்தான் ஏடு வருகிறது. ஏட்டோடு லியோனார்டோவும் வருகிறார். இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சியகத்தில் ஃபார்ஸ்டர் சுவடிகள் என்று சில குறிப்பேடுகள் உள்ளன. எழுத்தாளர் டிக்கன்ஸின் நண்பரும் அவர் வரலாற்றை எழுதியவருமான ஜான் ஃபார்ஸ்டர் 1876இல் மறைந்தபோது அவர் உயில்வழி அங்குச் சேர்ந்தவை. லியோனார்டோ இடக்கையால், வலமிருந்து இடமாக, கண்ணாடியில் காண்பதுபோல் எழுதியவை. அவற்றுள் முதற் சுவடியில், கோட்டையின் அரண்களும் நிலத்தடி வழிகளும் சார்ந்த வரைவுகள் உள்ளன என்று ஆய்வாளர் காட்டுகின்றனர். ரேடார் கண்ட வழிகளுள் சில அவ்வரைவுகளோடு ஒத்துப்போகக்கூடும் என்று பொலிடெக்னிகோ சொன்னது. ‘கூடும்’ என்ற சொல் அங்கிருந்தது. செய்தித்தாளை அடைவதற்குள் அது உதிர்ந்துவிட்டது. படியெடுப்போர் ஒற்றுப்புள்ளியை விட்டுவிடுவதனால் பொருளே தலைகீழாவதை நாம் அறிவோம் அல்லவா? ஏறத்தாழ அதே நிகழ்ச்சி.

ஒரு வழியைப் பற்றிய கதை மட்டும் மற்றெல்லாவற்றையும்விட வேகமாகப் பரவிற்று. அதில் ஒரு பெண் இருக்கிறாள்.

லுடோவிக்கோவின் மனைவி பியாத்ரிசே, எஸ்தே குடியில் பிறந்தவர். 1491இல் மணமானபோது அவருக்கு வயது 15. 1497 ஜனவரித் தொடக்கத்தில், இறந்து பிறந்த ஒரு குழந்தையைப் பெற்ற சில மணி நேரத்தில் மறைந்தார். அப்போது வயது 21. கணவர் நொறுங்கிப்போனார். கோட்டையில் அவர் துயருக்கென ஒதுக்கிய சிறு அறை ‘கறுப்பறை’ என்றே பெயர் பெற்றது. (மனைவி உயிரோடிருந்தபோதும் அவருக்குக் காதற் கிழத்தியர் இருந்தனர் என்பதை வரலாறு மறைக்கவில்லை. பரத்தையிற் பிரிவைப் பக்கம் பக்கமாகக் கற்பிக்கும் நான் அதைக் கண்டு வியக்கவும் இல்லை.) பியாத்ரிசேயின் உடல் சாந்தா மரியா தெல்லே கிராட்சியே என்னும் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. லியோனார்டோ ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தைத் தீட்டியது அத்தேவாலயத்தை ஒட்டிய துறவியர் உணவுக்கூடத்தின் சுவரில்தான். கோட்டையிலிருந்து அங்குச் சுமார் ஒரு கிலோமீட்டர். மனைவியின் கல்லறைக்குத் தனிமையில் சென்று வர மன்னர் அமைத்த நிலத்தடி வழி ஒன்று உண்டென்பது நெடுநாளைய கதை. ரேடார் செய்தி வந்ததும் அந்தக் கதைக்கு உயிர் வந்தது.

கையறுநிலை பயின்றவள் என்ற முறையில் அக்கதை மெய்யாயிருக்க வேண்டும் என்றே என் நெஞ்சும் விரும்புகிறது. விரும்புவதனால்தான் ஐயுறவும் வேண்டியிருக்கிறது. முதலில் காலத்தைப் பார்ப்போம். செய்திகள் லியோனார்டோவின் வரைவுக்குக் கொடுத்த காலம் 1495ஐ ஒட்டியது. பியாத்ரிசே இறந்தது 1497இல். இறப்புக்கு முன் வரைந்த வழி, இறந்தவளைக் காணச் செல்லும் வழியாக இருக்கவியலாது. அவ்வழி உண்டெனின் அது வேறொன்று. வரைவின் சான்று அதற்கு உதவாது. இரண்டு செய்திகளையும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வைத்ததனால் படிப்போர் மனத்தில் அவை ஒன்றாயின. அடுத்து இடம். ரேடார் தடவிப் பார்த்தது கோட்டையையும் அதன் சூழலையும். தேவாலயம் வரையிலான நிலத்தின்மேல் இன்று தெருக்களும் வீடுகளும் தொடர்வண்டி நிலையமும் நிற்கின்றன. அடியில் நகர இருப்புப்பாதைகள் ஓடுகின்றன. கோட்டையருகே ஒரு வழியின் வாய் தென்படுவது வேறு. அது ஒரு கிலோமீட்டர் சென்று இன்ன கல்லறையருகே முடிகிறது என்பது வேறு. கல்லறைச் சிற்பமும் இப்போது அங்கு இல்லை. கணவனும் மனைவியும் அருகருகே துயில்வதுபோல் கிறிஸ்தோஃபோரோ சொலாரி செதுக்கிய அச்சிற்பம் 1564இல் பாவியா நகருக்கு அருகிலுள்ள மடத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டுவிட்டது.

கருவி காட்டும் நிழலில் விரும்பியதைக் காண்பது எவ்வளவு எளிது என்பதற்கு எகிப்து ஒரு சான்று தந்திருக்கிறது. 2015இல் பிரித்தானிய அறிஞர் நிக்கோலஸ் ரீவ்ஸ், துத்தன்காமனின் கல்லறைச் சுவரை நுணுக்கமாகப் படமெடுத்த பதிவுகளை ஆராய்ந்து, சுவருக்குப் பின்னால் மறைந்த அறைகள் உண்டு, அங்கு அரசி நெஃபர்த்தீத்தி துயிலக்கூடும் என்றார். அவ்வாண்டு இறுதியில் ரேடார் ஓட்டிய ஜப்பானிய வல்லுநர், அறைகள் உண்டென்றார். எகிப்திய அமைச்சரே நூற்றுக்குத் தொண்ணூறு உறுதி என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு வேறொரு குழு சோதித்தபோது அந்த அறைகள் தென்படவில்லை. 2018இல் தூரின் பொலிடெக்னிகோவைச் சேர்ந்த பிரான்செஸ்கோ போர்செல்லியின் குழு மும்மடங்கு கவனத்துடன் ஆராய்ந்து, அங்கு அறை ஏதும் இல்லை என்று முடிவு கூறிற்று. இரு தரப்பும் நேர்மையாளரே. முதல் முறை திரையில் தெரிந்த கோடுகளைப் படித்தவர்களுக்கு, என்ன தெரிய வேண்டும் என்பது முன்னரே தெரிந்திருந்தது. அதுதான் வேறுபாடு.

ஆதலால் கருவியைப் பழிக்கிறேன் என்று எண்ணிவிட வேண்டா. அதே எகிப்தில், காஸ்மிக் கதிர்களிலிருந்து பிறக்கும் மியூவான் துகள்களை அளந்து, கூஃபுவின் பெரும் பிரமிடுக்குள் ஒரு வெற்றிடம் இருப்பதாக 2017இல் கூறினர். அதன் வடமுகத்தில் ஒரு நடைவழி இருப்பதையும் அளந்தனர். 2023இல் கல்லிடுக்கின் வழியே மெல்லிய ஒளிப்படக் கருவியைச் செலுத்தியபோது, 9 மீட்டர் நீளமுள்ள அந்நடைவழி அவர்கள் சொன்ன இடத்திலேயே இருந்தது. ஒரு கல்லும் பெயர்க்கப்படவில்லை. ஆக, கருவி சொல்வது மெய்ப்படவும் செய்கிறது, பொய்ப்படவும் செய்கிறது. எது மெய்ப்படும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் வழி, படிப்பவரின் பயிற்சியிலும் அடக்கத்திலும் இருக்கிறது.

அந்த அடக்கத்தை நம் முன்னோர் ஒருவரிடம் கண்டிருக்கிறோம். உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894இல் பதிப்பித்தபோது 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றிலும் பல அடிகள் சிதைந்திருந்தன. அவ்விடங்களில் அவர் புள்ளி இட்டார். 1904இல் பதிற்றுப்பத்தை வெளியிட்டபோது முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. இல்லை என்றே விட்டார். எதுகை மோனை தெரிந்த ஒருவர், யாப்பு வழுவாமல், சங்கச் சொற்களைக் கொண்டே அந்த இடங்களை நிரப்பியிருக்கவியலும். அவ்வாறு நிரப்பியோரும் தமிழுலகில் உண்டு. ஐயர் நிரப்பவில்லை. ரேடார் படத்தில் தெளிவற்ற இடங்களை வெறுமையாகவே விடும் ஆய்வாளரும் இந்தப் புள்ளியைத்தான் இடுகிறார்.

அதே ஸ்ஃபோர்ஸா கோட்டைக்குள் நிரப்பப்பட்ட ஓர் இடமும் உண்டு. அதைச் சொல்லாமல் இவ்வுரையை முடிக்க மனம் வரவில்லை. வடகிழக்குக் கோபுரத்தில் ‘சாலா தெல்லே அஸ்ஸே’ என்னும் கூடம். பலகைக் கூடம் எனலாம். 1498 ஏப்ரலில் எழுதிய ஒரு கடிதம், லியோனார்டோ அக்கூடத்தைச் செப்டம்பருக்குள் முடிப்பதாகச் சொன்னதைத் தெரிவிக்கிறது. கூரை முழுதும் முசுக்கட்டை மரங்களின் கிளைகள் பின்னிக் கிடக்கின்றன. அம்மரத்துக்கு இத்தாலிய மொழியில் ‘மோரோ’ என்றும் பெயர். மன்னரின் பட்டப்பெயரும் அதுவே. நம் புலவர்கள் கையாளும் சிலேடை அங்கு வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. கோட்டை படைவீரர் இல்லமானபோது கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுண்ணாம்பைச் சுரண்டியபோது ஓவியத்தின் எச்சம் வெளிப்பட்டது. 1901, 1902ஆம் ஆண்டுகளில் ஒரு ஓவியரைக் கொண்டு, மங்கிய இடமெல்லாம் பளிச்சென்று மறுவண்ணம் தீட்டினர். கூடம் அழகாயிற்று, லியோனார்டோ மறைந்தார்.

அத்தோடு நின்றிருந்தாலும் பொறுக்கலாம். சுவரின் கீழ்ப்பகுதியில், வண்ணமின்றிக் கருங்கோட்டால் மட்டும் தீட்டிய ஒரு வரைவு இருந்தது. கற்பாளங்களைப் பிளந்துகொண்டு வேர்கள் இறங்கும் காட்சி. இது பிற்காலத்தவர் கிறுக்கியது என்று அவர்கள் முடிவு கட்டி மரப்பலகை வைத்து மறைத்தனர். 1954இல் பலகையைக் கழற்றிய பின்னரே, அது லியோனார்டோவின் கையாகவே இருக்க வேண்டும் என்று அறிஞர் உணர்ந்தனர். கண்முன்னே இருந்த நிலத்தடியை அரை நூற்றாண்டு பலகையிட்டு மூடிவைத்திருந்தனர். 2013இல் தொடங்கிய புதுப்பிப்புப் பணியில் லேசர் கொண்டு சுண்ணாம்புப் படலத்தை நீக்கியபோது மேலும் சில மரங்களின் வரைவுகள் வெளிப்பட்டன. முன்னது பாடத்தைத் திருத்திய பதிப்பு. பின்னது மூலத்தை மீட்ட பதிப்பு. இரண்டும் ஒரே சுவரில் உள்ளன. இரண்டையும் பெருமையோடுதான் செய்தனர்.

இத்தனை அரண்களும் மூடுவழிகளும் லுடோவிக்கோவுக்கு எவ்வாறு பயன்பட்டன என்று நீங்கள் கேட்கலாம். 1499இல் பிரெஞ்சுப் படை மிலானை நோக்கி வந்தது. மன்னர் கோட்டையைத் தம் நம்பிக்கைக்குரிய காவல்தலைவர் பெர்னார்தினோ தா கோர்த்தேயிடம் ஒப்படைத்து, உதவி நாடி வடக்கே சென்றார். பல திங்கள் தாங்குவதற்குரிய உணவும் படைக்கலமும் உள்ளே இருந்தன. பெர்னார்தினோ பொருள் பெற்றுக்கொண்டு, சில நாள்களுக்குள் கதவைத் திறந்துவிட்டார். ஒரு சுருங்கையும் குடையப்படவில்லை. ஒரு தூணுக்கும் தீ வைக்கப்படவில்லை. மறு ஆண்டு நொவாராவில் மன்னர் பிடிபட்டார். பிரான்சின் லோஷ் கோட்டையில் சிறையிருந்து 1508இல் மறைந்தார். மனைவிக்காக அவர் அமைத்த கல்லறையில் அவருக்கென ஒதுக்கிய இடம் வெறுமையாகவே இருந்தது.

பொலிடெக்னிகோ குழுவின் அடுத்த நோக்கம், லேசர் புள்ளித்திரளையும் ரேடார் பதிவையும் இணைத்துக் கோட்டையின் முழு உருவை, கணினிக்குள் ஓர் இரட்டைப் பிறவியாக அமைப்பது. பார்வையாளர், செல்லவியலாத வழிகளிலும் அதன் வாயிலாக நடந்து பார்க்கலாம் என்கின்றனர். அதில் நான் காண விரும்புவது ஒன்றே: அளந்து அறிந்த சுவரை ஒரு நிறத்திலும், ரேடார் ஊகித்த சுவரை வேறொரு நிறத்திலும், சுவடி மட்டுமே சொல்லும் வழியை மூன்றாவது நிறத்திலும் அவர்கள் காட்டுவார்களா என்பது. காட்டினால் அதன் முன் ஒரு நாள் முழுதும் அமர்ந்து படிக்கலாம். எல்லாவற்றையும் ஒரே கல் நிறத்தில் பளபளவென்று தீட்டிவிட்டால், 1902இன் ஓவியர் கணினிக்குள் மீண்டும் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று கொள்ள வேண்டியதுதான்.